மும்பையில் பியானோ கச்சேரி வைக்கிறீர்களா? முதலில் பியானோ, பிறகு அரங்கம், கடைசியில் தேதி

என் அக்கா மகனுக்கு 19 வயது. செம்பூரில் வளர்ந்தவன். 7 வயதில் பியானோ கற்றுக்கொள்ள ஆரம்பித்து, 8 கிரேடும் முடித்து, டிப்ளமாவும் வாங்கிவிட்டான். வெளிநாட்டு இசைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போடும் முன் ஒரு முழுக் கச்சேரி தனியாக வாசித்துவிட வேண்டும் என்று அவன் டீச்சர் சொன்னார். அக்காவும் அத்திம்பேரும் வேலைக்குப் போகிறவர்கள். ஏற்பாடு என் பொறுப்பாயிற்று.

ஆறு மாதம் அலைந்தேன். ஒரு தடவை தேதி குறித்து, அழைப்பிதழும் அடித்து, எல்லாருக்கும் போன் போட்டு ரத்து செய்தேன். கர்நாடகக் கச்சேரி என்றால் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். பியானோவுக்கு அப்படிச் சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கோ, உங்கள் சங்கத்தில் ஓர் இளம் கலைஞருக்கோ கச்சேரி வைக்க நினைத்தால், கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். நான் பட்டதெல்லாம் வரிசை தப்பியதால் பட்டது.

1. முதலில் பியானோவை நேரில் போய்ப் பாருங்கள்

நாங்கள் முதலில் பஞ்சாங்கம் பார்த்தோம். ஜூலையில் ஒரு நல்ல ஞாயிறு கிடைத்தது. புறநகரில் ஒரு அரங்கத்துக்குப் போன் செய்தேன். “பியானோ இருக்கு, நல்லா இருக்கு” என்றார்கள். பார்க்காமலே முன்பணம் கட்டினேன்.

கச்சேரிக்கு நாலு நாள் முன்பு ஒத்திகைக்குப் போனோம். மேடை ஓரத்தில் திரைக்குப் பின்னால் ஒரு பழைய அப்ரைட், அதாவது தந்திகள் செங்குத்தாக நிற்கும் அலமாரி மாதிரியான பியானோ, நின்றது. மூடியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை. பையன் உட்கார்ந்து ஒரு ஸ்கேல் வாசித்தான். நடுவில் ஒரு கட்டை கீழே போனது, போனபடியே நின்றுவிட்டது. நகத்தை அடியில் கொடுத்து மேலே எடுத்துவிட்டான். மறுபடி அழுத்தினான், மறுபடி நின்றது. “சித்தி, இது எழுந்திருக்க மாட்டேங்குது” என்றான். குரலே மாறிவிட்டது அவனுக்கு. மறுநாள் சுருதி சேர்க்கும் ட்யூனரை அழைத்துப்போனேன். முன்பலகையைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். பச்சைக் கம்பளித் துணியை எலி கடித்துக் குதறியிருந்தது, மரமெல்லாம் ஈரத்தில் ஊறியிருந்தது. “இதைச் சரி செய்தால் பக்கத்துக் கட்டை ஒட்டும். மழை நிற்கட்டும்” என்றார். அன்று சாயங்காலமே கச்சேரியை ரத்து செய்தோம். முன்பணத்தில் பாதிதான் திரும்பியது.

ஆகவே, ஒரு ரூபாய் கொடுக்கும் முன் வாசிப்பவரையே கூட்டிப்போய் 20 நிமிஷம் சோதனை செய்யுங்கள். 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக, முதலில் பலமாக, பிறகு காதில் விழுந்தும் விழாமலும் இருக்கும் அளவுக்கு மெதுவாக அழுத்தச் சொல்லுங்கள். பலமாக அடித்தால் எல்லாம் ஒலிக்கும். மெதுவாக அழுத்தும்போதுதான் எது ஊமை என்று தெரியும். ஒரே கட்டையை இரண்டு விரலால் மாற்றி மாற்றி வேகமாகத் தட்டச் சொல்லுங்கள். கையை எடுத்ததும் ஒலி உடனே அடங்குகிறதா, வலது பெடலை விட்டதும் எல்லாம் ஒன்றாக நிற்கிறதா, பெடல் கிறீச்சிடுகிறதா என்று கவனியுங்கள். எல்லாவற்றையும் தேதி போட்டுத் தாளில் எழுதி, போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய நிகழ்ச்சிக்கு அப்ரைட் போதாது. அதில் தட்டிய கட்டை ஏறக்குறைய முழுசாக மேலே வந்த பிறகுதான் மறுபடி ஒலிக்கும். தந்திகள் படுக்கையாக இருக்கும் கிராண்ட் பியானோவில் பாதி எழும்பியதுமே மறுபடி தட்டலாம். வேகமான இடங்களில் இந்த வித்தியாசம் பையன் கைக்கு உடனே தெரிந்துவிடும். 150 பேர் உட்காரும் அரங்கத்துக்கு 6 அடிக்குச் சற்று மேற்பட்ட நீளமுள்ள கிராண்ட் தாராளம். 9 அடி கான்செர்ட் கிராண்ட் பெரிய அரங்கத்துக்கானது.

அரங்கத்தில் நல்ல கிராண்ட் இருந்தால் பாதிச் சுமை குறைந்தது. இல்லையென்றால் வாடகைக்கு எடுக்க வேண்டும். 6 அடி கிராண்ட் 300 கிலோவுக்கு மேல் கனக்கும். காலையும் பெடல் பகுதியையும் கழற்றி, பக்கவாட்டில் சாய்த்துப் பலகையில் கட்டித்தான் தூக்குவார்கள். வாடகை பேசும்போதே ஏற்றி இறக்கும் கூலி, ஆள் எண்ணிக்கை, வழியில் சேதமானால் யார் பொறுப்பு, கூடவே உயரம் மாற்றக்கூடிய பெஞ்ச் வருமா, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். பெஞ்ச் வரவில்லை என்றால் பிளாஸ்டிக் நாற்காலியில் தலையணை போட்டு உட்கார நேரும். ஒரு மணி நேரம் வாசிக்கிறவனுக்கு அது கொடுமை.

2. அரங்கம்

முன்பதிவுக்கு முன் ஒரு டேப் எடுத்துப்போய் வாசல், மேடைப் படி, திருப்பம் மூன்றையும் அளந்து பாருங்கள். தரைத்தளமா, சாய்வுப் பாதை உண்டா என்று பாருங்கள். மாடியில் உள்ள அரங்கம் என்றால் வாடகைக் கிராண்டை மறந்துவிடுங்கள். லிஃப்டில் நுழையாது, படியில் தூக்கக் கூலி தனி.

பிறகு, நீங்கள் கச்சேரி வைக்கப்போகும் அதே கிழமையில், அதே நேரத்தில் அங்கே அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். பியானோவுக்கு மைக் கிடையாது. மெதுவான இடங்களில் ஏசி இரைச்சல், பக்கத்துக் கல்யாண மண்டபத்து பேண்டு, பின்னால் ரயில், எல்லாம் கேட்கும். நாங்கள் பார்த்த இரண்டாவது அரங்கத்தை இதற்காகவே விட்டோம். அழகான மேடை, ஆனால் அடுத்த சுவரில் ஜெனரேட்டர்.

வாய்ப்பிருந்தால் நரிமன் பாயிண்டில் உள்ள என்.சி.பி.ஏ. கலை மையத்தில் ஒரு பியானோ கச்சேரிக்குக் குடும்பத்தோடு போய்விட்டு வாருங்கள். மேடை வெளிச்சம் எப்படிக் கட்டையில் நிழல் விழாமல் வருகிறது, மூடி எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, ஆட்களை எப்போது உள்ளே விடுகிறார்கள் என்று பார்த்தாலே பாதி கற்றுக்கொள்ளலாம்.

வாடகை பேசும்போது சாயங்காலம் 4 மணி நேரம் மட்டும் எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். சுருதி சேர்க்கவும் ஒத்திகைக்கும் காலை நேரமும் சேர்த்தே வேண்டும். காலையில் ஏசி போட்டால் தனிக் கட்டணமா என்று அப்போதே கேளுங்கள். வாடகைக்கு மேல் 18% ஜிஎஸ்டி வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

3. தேதி

ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டவே வேண்டாம். பியானோவின் மரம் ஈரத்தைக் குடித்து உப்பும், கட்டை ஒட்டும், சுருதி ஏறும். வருகிறவர்களும் தண்ணீரில் சிக்குவார்கள். கணபதி, நவராத்திரி நாட்களில் தெருவெல்லாம் ஒலிபெருக்கி. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம்தான், ஆனால் கல்யாண சீசனும் அதுவே. அதனால் நாலு மாதம் முன்னாலேயே பதிவு செய்யுங்கள். நாங்கள் ஆகஸ்டில் பதிவு செய்து டிசம்பரில் நடத்தினோம்.

ஞாயிறு என்றால் 6.30 மணிக்கு வையுங்கள். பகலில் லோக்கல் ரயில் மெகா பிளாக், அதாவது தண்டவாள வேலைக்காக ரயில்களை நிறுத்திவைப்பது, இருக்கும். டோம்பிவிலி, முலுண்டிலிருந்து வரும் பெரியவர்கள் அது முடிந்துதான் கிளம்ப முடியும். பொருட்களை ஏற்றிவரும் வண்டிக்கும் நகருக்குள் நெரிசல் நேரக் கட்டுப்பாடு உண்டு. பியானோவை முந்தின நாள் இரவே இறக்கிவிடுவது உத்தமம்.

4. எதை வாசிப்பது, யாரிடம் அனுமதி வாங்குவது

எதை வாசிப்பது என்பதை டீச்சரும் பிள்ளையும் முடிவு செய்வார்கள். நீங்கள் கேட்க வேண்டியது மொத்தம் எத்தனை நிமிஷம் என்பது. எங்கள் பட்டியல்: பாக்கின் சி மைனர் பிரிலூடும் ஃப்யூகும், பேத்தோவனின் ‘பத்தேத்தீக்’ சொனாட்டா, 15 நிமிஷ இடைவேளை, டெபுஸியின் ‘எஸ்தாம்ப்’ மூன்று துண்டுகள், கடைசியில் ஷோபனின் முதல் பல்லாட். வாசிப்பு மட்டும் 50 நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவு. எழுந்து வணங்குவது, கைதட்டல் எல்லாம் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம். முதல் கச்சேரிக்கு இதற்கு மேல் ஏற்ற வேண்டாம். முழுவதும் மனப்பாடமாக வாசிக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும், தடுக்கினால் எந்த இடத்திலிருந்து எடுப்பது என்று முன்பே குறித்துவைத்துப் பழகச் சொல்லுங்கள். எங்கள் பையனுக்கு பல்லாடில் ஒரு இடம் நழுவியது. அடுத்த குறிக்குப் போய்விட்டான், அவன் டீச்சரைத் தவிர யாருக்கும் தெரியவில்லை.

இப்போது உரிமை விஷயம். இந்தியாவில் ஓர் இசையமைப்பாளர் காலமான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு வரை அவர் படைப்புக்குக் காப்புரிமை. பாக், பேத்தோவன், ஷோபன் பற்றிக் கவலையே இல்லை. டெபுஸி 1918-இல் காலமானார், அவரும் பொதுச் சொத்து. பட்டியல் முடிந்ததும் ரசிகர்களுக்காகக் கூடுதலாக ஒரு துண்டு வாசிக்க, ஷொஸ்டகோவிச்சின் படைப்பு ஒன்று வேண்டும் என்றான் பையன். அவர் மறைந்தது 1975-இல். 2035 முடியும் வரை உரிமை இருக்கிறது. அதற்குப் பதில் 1943-இல் மறைந்த ரக்மானினாஃபின் ஜி ஷார்ப் மைனர் பிரிலூடை எடுத்துக்கொண்டோம். நீங்கள் உரிமை உள்ள ஒன்றைத்தான் வாசிக்க வேண்டும் என்றால் இசையமைப்பாளர்கள் சார்பில் உரிமம் கொடுக்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பிடம் உரிமம் வாங்குங்கள். கட்டணமில்லாத ரசிகர்களுக்காக அமெச்சூர் சங்கம் நடத்தும் நிகழ்ச்சிக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் அதற்கு நடத்துவது சங்கமாகவும் இருக்க வேண்டும், டிக்கெட்டும் இருக்கக் கூடாது.

இங்கே ஒரு பொறி. “கடைசியில் ஒரு சினிமாப் பாட்டு வாசிக்கச் சொல்லேன்” என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள். ஆனால் அதற்கும் உரிமம் வேண்டும். அதோடு, அவ்வளவு நேரம் கட்டிய மனநிலையும் போய்விடும். உறுதியாக மறுத்துவிடுங்கள்.

5. காகிதங்கள்

ஒரே ஃபைலில் போட்டு, எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் வையுங்கள். அரங்கத்துக்கு: நிகழ்ச்சி விவரம், நேரம், எதிர்பார்க்கும் ஆள் எண்ணிக்கை எழுதிய கோரிக்கைக் கடிதம், ஏற்பாடு செய்பவரின் ஆதார், பான் நகல், வைப்புத்தொகை திரும்பி வர ரத்து செய்த காசோலை ஒன்று. இந்தக் காசோலையை ஆரம்பத்திலேயே கொடுத்துவிடுங்கள். பிறகு கொடுத்தால் பணம் திரும்ப அலைய வேண்டியிருக்கும். ரத்து செய்தால் எவ்வளவு கிடைக்கும் என்ற விதியை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். எனக்கு அது வாய்வார்த்தையாகவே இருந்தது, பாதி போனது.

டிக்கெட் போடுவதானால் காவல் துறை அனுமதி உள்ளிட்ட வேலைகள் கூடும். என்னென்ன தேவை, எத்தனை நாள் முன் கொடுக்க வேண்டும் என்று அரங்க மேலாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இசை நிகழ்ச்சிக்கு ஆளுக்கு 500 ரூபாய் வரையிலான நுழைவுக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. முதல் கச்சேரிக்கு அழைப்பிதழ் மட்டும் போதும் என்பது என் கருத்து. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

சங்கமோ அறக்கட்டளையோ கலைஞருக்குச் சன்மானம் கொடுப்பதானால் பான் எண்ணை முன்பே வாங்குங்கள். 2025 ஏப்ரலிலிருந்து, ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் 10% வரி பிடிக்க வேண்டும். பான் இல்லையென்றால் 20%. 19 வயதுப் பையன்கள் பலர் பான் எடுத்திருப்பதில்லை.

6. சுருதி சேர்க்கும் நாள்

பியானோவில் ஏறக்குறைய 230 தந்திகள். அடிக்கட்டைகளுக்கு ஒவ்வொன்று, பிறகு இரண்டிரண்டு, மேலே மும்மூன்று. அந்த மூன்றில் ஒன்று தலைமுடி அளவு விலகினாலும் ஒலி கலங்கிவிடும். தம்புரா மாதிரி மேடையில் உட்கார்ந்து திருத்திக்கொள்ள முடியாது. முழுசாகச் சேர்க்க இரண்டு மணி நேரம் பிடிக்கும். அந்த இரண்டு மணி நேரமும் அரங்கத்தில் பேச்சு, நாற்காலி இழுக்கும் சத்தம், பெருக்கும் சத்தம் எதுவும் கூடாது. காவலாளியிடம் நேரில் சொல்லி வையுங்கள்.

முக்கியமான விஷயம் ஏசி. ஏசி இல்லாமல் சேர்த்துவிட்டு சாயங்காலம் ஏசி போட்டால், காற்று காய்ந்து சுருதி நழுவும். கச்சேரி நேரத்தில் இருக்கப்போகிற அதே குளிரில், அதே மேடை விளக்கில் சேர்க்க வேண்டும். எங்கள் நாள் இப்படிப் போனது: முந்தின இரவு பியானோ இறங்கியது. காலை 8 மணிக்கு ஏசி. 10 முதல் 12 வரை ட்யூனர். 12 முதல் 2 வரை ஒத்திகை. பிறகு பூட்டி வைத்தோம், குழந்தைகள் ஏறித் தட்டாமல் இருக்க ஒருவரை உட்கார வைத்தோம். 5.30-க்கு ட்யூனர் மறுபடி வந்து 20 நிமிஷம் சரி பார்த்தார். இந்த இரண்டாவது வருகைக்குக் காசு பார்க்காதீர்கள். ஒத்திகையிலேயே நடுப்பகுதியில் இரண்டு தந்தி விலகியிருந்தது.

பையனுக்கு மூன்று மணிக்குத் தயிர் சாதம், பிறகு தண்ணீர் மட்டும். மேடைக்குப் போடும் சட்டை, ஷூ இரண்டையும் ஒரு வாரம் முன்பே போட்டு வாசித்துப் பழக வேண்டும். புது ஷூவின் தடித்த அடி பெடலைக் காலுக்கு உணர்த்தாது. ஏசியில் விரல் விறைத்துப்போகும், கையுறையும் வெந்நீர்ப் பையும் கொண்டுபோங்கள்.

7. வருகிறவர்களுக்கு

நம்மவர்கள் சபாவில் வளர்ந்தவர்கள். தொடையில் தாளம் போடுவார்கள், நல்ல இடத்தில் “பேஷ்” என்பார்கள், தனி ஆவர்த்தனத்தில் காபிக்கு எழுந்து போவார்கள். எல்லாம் ரசனைதான், ஆனால் இங்கே பொருந்தாது. நிகழ்ச்சித் தாளில் தமிழிலேயே மூன்று வரி போட்டேன்: சொனாட்டா மூன்று பகுதி, மூன்றும் முடிந்து அவர் எழுந்ததும் கைதட்டுங்கள்; ஒரு துண்டு நடக்கும்போது கதவு திறக்காது; போனை முழுசாக அணைத்துவிடுங்கள். மாமாக்கள், மாமிகள் எல்லாரும் அப்படியே கேட்டார்கள். பேத்தோவனின் இரண்டாவது பகுதி முடிந்தபோது அரங்கத்தில் யாரும் மூச்சுக்கூட விடவில்லை. கையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களை இடது பக்கம் உட்கார வையுங்கள்.

பொன்னாடை, சிறப்பு விருந்தினர் பேச்சு எல்லாம் கடைசியில். முதலில் வைத்தால் பையன் கை குளிர்ந்து காத்திருப்பான். குத்துவிளக்கை மேடையின் மறுகோடியில் ஏற்றுங்கள். பியானோ மேல் பூங்கொத்து, தண்ணீர் பாட்டில், அழைப்பிதழ் கட்டு எதையும் யாரும் வைக்காமல் பார்த்துக்கொள்ள ஒருவரை நிறுத்துங்கள். இது நடக்கவே நடக்கும்.

8. வீடியோ பதிவு

கல்லூரிக்கு அனுப்பும் வீடியோ என்றால் ஒவ்வொரு துண்டும் வெட்டு ஒட்டு இல்லாமல், முகமும் கையும் தெரிய இருக்க வேண்டும். ஒரு கேமரா கட்டைப் பக்கம் அசையாமல் நிற்கட்டும். போன் மைக் போதாது. பியானோவிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி இரண்டு மைக் வைக்கச் சொல்லுங்கள். யூடியூபில் ஏற்றினால் ஷோபனுக்கும் பேத்தோவனுக்கும்கூட உரிமைக் கோரிக்கை வரக்கூடும், வேறொருவர் வாசிப்போடு இயந்திரம் குழப்பிக்கொள்ளும். பதறாமல், இது பொதுச் சொத்தான இசை, வாசித்தது நாங்களே என்று ஆட்சேபம் பதிவு செய்யுங்கள்.

9. எங்கள் கணக்கு

அரங்கம் காலை மாலை சேர்த்து ஜிஎஸ்டியோடு 25,960. கிராண்ட் வாடகை 40,000. ஏற்றி இறக்க 14,000. ட்யூனர் இரண்டு தடவைக்கு 9,000. வீடியோ பதிவு 18,000. அச்சு 2,400. காபி, பலகாரம் 6,500. பூ, ஆட்டோ, உதவியாளர்களுக்குக் கொடுத்தது 3,000. மொத்தம் 1,18,860 ரூபாய். ஜூலையில் போன பாதி முன்பணம் இதில் இல்லை. நல்ல கிராண்ட் உள்ள அரங்கம் கிடைத்திருந்தால் 54,000 மிச்சமாகியிருக்கும். நீங்கள் முதலில் அதைத் தேடுங்கள், வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

கச்சேரி முடிந்த இரவு எல்லாரும் பையனைச் சுற்றி நிற்பார்கள். அப்போது ஒருவர் மட்டும் பியானோ பக்கம் போக வேண்டும். சோதனையின்போது எழுதிய அதே தாளை எடுத்துக் கட்டை, பெடல், பெஞ்ச் மூன்றையும் சரி பார்த்து, வண்டிக்காரரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே ஏற்ற விடுங்கள். நான் கையெழுத்து வாங்கும்போது மணி 9.40. பையன் ஓடிவந்து, கழற்றுவதற்கு முன்னால் டெபுஸியின் ‘மழையில் தோட்டங்கள்’ ஆரம்பத்தை இன்னொரு தடவை வாசிக்கட்டுமா என்று கேட்டான். வண்டிக்காரர் தலையாட்டினார். நாங்கள் நாலு பேரும் நின்றபடியே கேட்டோம்.